டொயோட்டா பிக்கப்பில் சாலிட் முன் ஆக்சில்: மாற்றிய பிறகு ஓட்ட ஓட்டத் தெரிவது

அமெரிக்காவில் விற்ற டொயோட்டா 4x4 பிக்கப்பில் 1979 முதல் 1985 வரை லீஃப் பட்டையோடு சாலிட் முன் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டியான அச்சு) இருந்தது. 1986 மாடலிலிருந்து டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல் வேலை செய்யும் கம்பி) வைத்த ஐஎஃப்எஸ், அதாவது ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். இங்கே பேசுவது 1986-95 வண்டியில் அந்தப் பழைய ஆக்சிலை ஏற்றுவதைப் பற்றி.

31 இஞ்ச் டயரோடு நிற்பவருக்கு இந்த வேலை வேண்டாம். அந்த அளவுக்கு ஐஎஃப்எஸ் நன்றாகவே தாங்கும். 33, 35 என்று டயர் ஏறும்போதுதான் சிவி பூட் (சக்கர ஷாஃப்ட் மூட்டின் ரப்பர் உறை) கிழிகிறது, ஸ்டியரிங் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் தேய்ந்து ஸ்டியரிங் அலைகிறது. டார்ஷன் பாரை முறுக்கி வண்டியை உயர்த்தியவர்களுக்குச் சக்கரம் கீழே இறங்க இடமே மிஞ்சாது. சாலிட் ஆக்சிலில் இந்தத் தொல்லைகள் போய்விடும். பதிலுக்கு வேறு சில வரும்.

ஆக்சில் கிடைப்பதும் வெல்டிங்கும்தான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வண்டி நேராக ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். உயர்த்திய வண்டியில் முன் ஆக்சிலைச் சுழற்றும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கோணம் குறையட்டும் என்று பினியனை (அந்த ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் சின்ன கியர்) மேலே திருப்பினால், நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டு) தலை முன்னால் சாய்ந்து காஸ்டர் குறைந்துவிடும். பிறகு நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. 3 முதல் 5 டிகிரி பாசிட்டிவ் காஸ்டர் இருந்தால் கையில் பிடிப்பு தெரியும். பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்துச் சமாளிப்பது பாதி வைத்தியம்தான். பினியனைத் தேவையான கோணத்தில் விட்டுவிட்டு, ஹவுசிங் முனையிலுள்ள நக்கிள் உருண்டையின் வெல்டை அறுத்துத் திருப்பி மறுபடி வெல்ட் செய்வதே சரியான வழி. அது லேத் வேலை தெரிந்த கையில் போகவேண்டியது. 80 சீரீஸ் லேண்ட் குரூசரின் முன்பக்க ஹை பினியன் டிஃபரன்ஷியல், ஹவுசிங்கைச் சற்றுத் தேய்த்தால் இதில் உட்காரும். பினியன் உயரமாக இருப்பதால் ஷாஃப்ட் கோணமும் அடங்கும்.

சேசிஸில் ஐஎஃப்எஸ்ஸின் கண்ட்ரோல் ஆர்ம் தாங்கிகளை வெட்டி வழித்த பிறகு, லீஃப் பட்டைக்கு முன்னால் ஹேங்கர் (அசையாத தாங்கி), பின்னால் ஷாக்கிள் (ஆடும் இணைப்பு). ஷாக்கிள் போல்ட்டுக்குச் சேசிஸைத் துளைத்து அப்படியே விடக்கூடாது. குறுக்கே ஒரு குழாயைச் செருகி இரு பக்கமும் வெல்ட் செய்யாவிட்டால் பெட்டிச் சட்டம் நசுங்கி, துளை முட்டை வடிவமாகிவிடும். பட்டையின் முன்முனை அசையாததால் அழுந்தும்போது ஆக்சில் பின்னால் நகரும். 35 இஞ்ச் டயர் ஃபெண்டரின் பின்பகுதியில் உரசுவது அதனால்தான். ஆக்சிலை ஓர் இஞ்ச் முன்னால் வைத்தே அளவெடுப்பது நல்லது.

ஸ்டியரிங்கில் பழைய சாலிட் ஆக்சில் வண்டியின் பாக்ஸ் வேண்டாம். அது முன்னும் பின்னும் தள்ளும் அமைப்பு. உயர்த்திய வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சக்கரம் தானாகத் திரும்பும். வண்டியிலேயே இருக்கும் ஐஎஃப்எஸ் பாக்ஸ் பக்கவாட்டில் தள்ளுவது. அதை முன்னால் நகர்த்தி, நக்கிள் மேல் ஹை ஸ்டியர் ஆர்ம் போட்டு, பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் கம்பியை மறுபக்க நக்கிளுக்கு இழுத்தால், இரு நக்கிளையும் இணைக்கும் டை ராடும் பாறைக்கு மேலே ஏறிவிடும். பாக்ஸ் நிற்கும் இடத்தில் சேசிஸுக்குத் தகடு போட்டுப் பலப்படுத்த வேண்டும். பெரிய டயரின் இழுப்பில் வெடிப்பு முதலில் விழும் இடம் அது. ஆர்ம் மாற்றும்போது நக்கிள் பேரிங் ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்தில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் நக்கிள் நடுவில் நிற்காது, ஆக்சில் சீலை ஒரு பக்கமாகத் தின்னும்.

அகலம் அடுத்தது. ஐஎஃப்எஸ் வண்டியின் பின் ஆக்சில், பழைய முன் ஆக்சிலைவிட மொத்தமாக 3 இஞ்ச் அகலம். பக்கத்துக்கு 1.5 இஞ்ச் ஸ்பேசர் போடலாம், அல்லது ஐஎஃப்எஸ் ஹப்பையே மாற்றிக்கொள்ளலாம். சக்கர போல்ட் வட்டம் இரண்டிலும் 6 துளை, 139.7 மி.மீ. கியர் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் 4x4 போட்டதும் வண்டி கட்டிப்பிடித்துக்கொள்ளும். கிரௌன், பினியன் பற்களை எண்ணிப் பாருங்கள்: 41, 10 என்றால் 4.10, 37, 7 என்றால் 5.29. சுமார் 116 குதிரைத்திறன் கொண்ட 22ஆர்இ எஞ்சின் 35 இஞ்ச் டயரை 4.10-இல் இழுப்பதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

நீண்டநாள் பராமரிப்பு முழுக்க நக்கிளில்தான். உருண்டையில் கறுப்பு கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் சரி. சாம்பல் நிறத்தில் கஞ்சிபோல் வழிந்தால் உள் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். சீல் மாற்றுமுன் பிரீதரை (ஆக்சிலின் காற்றுப் போக்கி) பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிவிடும். நக்கிளுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பர்ஃபீல்டு ஜாயின்ட், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதான் உடையும். ஸ்டாப்பர் போல்ட்டைச் சரியாக வைத்தால் பாதிப் பேருக்குக் வலுவான குரோமோலி எஃகு ஷாஃப்ட் வாங்கும் செலவு மிச்சம். சுமார் 30,000 மைலுக்கு ஒருமுறை திறந்து, கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் அடைக்க வேண்டும். வீல் பேரிங் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும், உளியை வைத்துத் தட்டாதீர்கள்.

சாலையில் சுகம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் ஆடும். ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கினால் டாம்பர் வாங்கி மூடி மறைக்காமல் டை ராட் முனை, நக்கிள் பேரிங் பிரீலோடு (இறுக்கம்), டயர் பாலன்ஸ் மூன்றையும் பாருங்கள்.

கடைசியாக, பலர் கண்ணில் படாத ஒன்று. பின்பக்கத்தையும் உயர்த்தியிருந்தால், ஆக்சிலோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு வண்டியில் சுமையே இல்லை என்று கணக்குப் போட்டு, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு உயர்த்தினீர்களோ அவ்வளவு அந்தக் கம்பியின் தாங்கியையும் உயர்த்துங்கள். முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளையும், நக்கிள் ஆர்ம் ஸ்டட் நட்டுகளை 71 அடி-பவுண்டுக்கும் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த ஸ்டட் முதலில் ஆடும், பிறகு ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.