கவுன்சில் வீட்டு வாடகையாளர் குழுவில் ஆறு வருடம் இருந்து பார்த்ததில்

லண்டனில் நாங்கள் கவுன்சில் வீட்டுக்கு, அதாவது உள்ளூராட்சி சபை வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு, வந்து பதினாலு வருடம் ஆகிறது. அதில் கடைசி ஆறு வருடம் குடியிருப்பவர்கள் சார்பில் கவுன்சிலோடு பேசுகிற வாடகையாளர் குழுவிலும் இருக்கிறேன். எங்கட ஆட்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "அதிலே போய் இருந்து என்ன பிரயோசனம், அவை தாங்கள் நினைச்சதைத்தானே செய்வினம்?" முதல் இரண்டு மூன்று வருடம் எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நான் குழுவுக்குப் போனதே ஒரு சுவரால்தான். 2018 மார்கழியில் மகனின் அறையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்பு. கை வைத்த இடத்தில் பூச்சு ஈரமாவு போல உதிர்ந்தது, உள்ளே மடித்து வைத்திருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டுகளில்கூடப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். பிள்ளைக்கு அந்த மாதம் முழுக்க இருமல். கவுன்சிலில் இருந்து வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குசினியில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார், ரேடியேட்டரில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்தார், யன்னலைத் திறந்து வையுங்கள், சமைக்கும்போது மூடி போடுங்கள் என்று சொல்லி ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் வீட்டைப் பழுதாக்குகிறேன் என்று நம்பி, தைமாதக் குளிரில் யன்னலைத் திறந்துவைத்துப் பிள்ளையை ஜாக்கெட்டோடு படுக்கவைத்தேன். கடைசியில் பார்த்தால், கூரைப் பீலி உடைந்து மழைத் தண்ணீர் வெளிச்சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஏழு மாதம் எடுத்தது.

கீழ்வீட்டு ஐயாதான் என்னைக் கூட்டிப் போனார். "பிள்ளை, தனிய நிண்டு கத்திறதிலே ஒண்டும் நடவாது. குழுவுக்கு வாங்கோ" என்றார்.

போன புதிதில் அது குழுவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், தேத்தண்ணி, பிஸ்கட், திரையில் கலர் கலராகப் படங்கள். முன்கதவுக்கு என்ன நிறம் பூசலாம், செய்தி மலருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எங்களிடம் கேட்பார்கள். லிஃப்ட் ஏன் மாதத்தில் இரண்டு முறை நிற்கிறது என்று நாங்கள் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்தால் அந்தக் குறிப்பைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார், அதிகாரியே மாறியிருப்பார். கொரோனா காலத்தில் இதெல்லாம் ஸூமுக்குப் போனதும் பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள். நானும் விடலாம் என்றுதான் இருந்தேன்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 2017 ஜூன் 14 லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் தீ ஆபத்தைப் பற்றி முன்னரே எழுதி எழுதிச் சொல்லியிருந்தார்கள், கேட்க ஆள் இருக்கவில்லை. பிறகு வட இங்கிலாந்தில் உள்ள ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, 2020 டிசம்பரில், வீட்டுப் பூஞ்சணத்தால் சுவாசம் கெட்டு இறந்தது. 2022 நவம்பரில் மரண விசாரணையில் அது உறுதியானது. சூடானிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் 2017இலேயே முறையிட்டிருக்கிறார், மேலே பெயிண்ட் அடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் குளிக்கிற முறையும் சமைக்கிற முறையும்தான் காரணம் என்ற எண்ணமும் நிர்வாகத்திடம் இருந்திருக்கிறது. அதை வாசித்த அன்று என் வீட்டுச் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

இதற்குப் பிறகுதான் 2023இல் சமூக வீட்டு ஒழுங்காக்கல் சட்டம் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் பெரிய கவுன்சில்களையும் சமூக வீடுகளை வாடகைக்கு விடுகிற வீட்டுச் சங்கங்களையும், இவர்களைக் கண்காணிக்கிற ஒழுங்காக்கல் அமைப்பு நேரில் பரிசோதித்து சி1 (நல்லது) முதல் சி4 (மிக மோசம்) வரை தரம் போடுகிறது. வாடகையாளர் சொல்வதை எப்படிக் கேட்கிறீர்கள், கேட்டு என்ன மாற்றினீர்கள் என்பதும் அதில் பார்க்கப்படுகிறது. பரிசோதனை வரப்போகிறது என்றதும் எங்கள் கவுன்சிலின் தொனியே மாறிவிட்டது. முதல் தடவையாகப் படங்களை விட்டுவிட்டு உண்மையான பதிவேட்டைக் கேட்டோம், தந்தார்கள்.

ஒரு மாதத்தில் "முடிந்தது" என்று மூடப்பட்ட ரிப்பேர் வேலைகளின் பட்டியல் அது. சம்மதம் தெரிவித்தவர்களின் நம்பர்களை மட்டும் வாங்கி, நாங்கள் எட்டுப் பேர் பிரித்துக்கொண்டு பின்னேரங்களில் போன் எடுத்தோம். எனக்கு வந்தவர்களில் மூன்று பேர், அப்படி ஒருவரும் வரவே இல்லையே என்றார்கள். "ஆள் இல்லை" என்று எழுதி மூடியிருந்தது. அதில் ஒருவர் எண்பது வயது தாண்டிய ஆச்சி, வோக்கரோடு நடப்பவர், வீட்டை விட்டு வெளியே போவதே கிடையாது. நான் நேரில் போய், அவருக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்து பெல்லை அடித்துப் பார்த்தேன். கதிரையிலிருந்து எழும்பி, வோக்கரைத் திருப்பி, அந்த ஒடுக்கமான நடைபாதையால் வந்து சங்கிலியைக் கழற்ற ஒரு நிமிடம் நாற்பது செக்கன் ஆனது. ஒருதரம் பெல்லை அடித்துவிட்டு கார்ட் போட்டுவிட்டுப் போகிறவருக்கு அவ்வளவு பொறுமை எங்கே இருக்கும்? "மனுசர் போறது கேக்கும் பிள்ளை, நான் கூப்பிடுறது அவைக்குக் கேக்காது" என்றார்.

அந்த ஒரு நிமிடம் நாற்பது செக்கனை அப்படியே அறிக்கையில் எழுதினோம். எந்தச் சதவீதத்துக்கும் அசையாத மேலாளர் அதற்கு அசைந்தார். ஒன்பது மாதம் இழுத்தடித்து, இப்போது வாசலில் நின்று போன் எடுக்காமல் "ஆள் இல்லை" போட முடியாது, நடமாட்டம் குறைந்தவர்களின் வீட்டுப் பதிவில் காத்திருக்கச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது, வேலை முடிந்ததா என்று வாடகையாளருக்கு எஸ்எம்எஸ் வருகிறது, இல்லை என்று பதில் போட்டால் அது திறந்தே இருக்கும். ஆச்சியின் குளியலறைக் குழாய் அதற்குப் பிறகுதான் சரியானது.

நடக்காததையும் சொல்ல வேண்டும். சனி ஞாயிறில் போனுக்கு ஆள் போடச் சொன்னோம், காசு இல்லை என்றார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. 2016இலிருந்து நாலு வருடம் வாடகையை வருடம் 1% குறைக்க அரசாங்கமே சட்டம் போட்டது, பராமரிப்பு அந்த வாடகைக் காசில்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எங்களுக்கு விரித்துக் காட்ட இரண்டு வருடம் எடுத்ததுதான் எனக்குக் கோபம். அப்புறம் கூட்ட நேரம். பின்னேரம் ஆறு மணி என்றால் கடையில், பெட்ரோல் நிலையத்தில், கேர் ஹோமில் இரவு வேலை செய்கிற எங்கட சனம் எப்படி வரும்? மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கிடைக்கும் என்று கடிதத்தில் இருக்கிறது, அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் இன்னும் ஒரு அடிகூட நகரவில்லை, நான் விடுவதாகவும் இல்லை.

சேர நினைக்கிறவர்கள் முதலில் ஒன்று கேளுங்கள்: போன அறிக்கையில் குழு என்ன கேட்டது, கவுன்சில் எந்தத் தேதியில் என்ன பதில் எழுதியது? அந்தத் தாளைக் காட்ட முடியாவிட்டால் அது தேத்தண்ணிக் கூட்டம்தான். சேர நேரம் இல்லாதவர்கள் முறைப்பாட்டையாவது ஒழுங்காகப் போடுங்கள். போனில் சொன்னாலும் வேலை நம்பரை வாங்குங்கள், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், "முதல் கட்ட முறைப்பாடு" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். முறைப்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகு பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். கவுன்சிலின் இரண்டாம் கட்டப் பதிலும் சரிவராவிட்டால் வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற ஹவுசிங் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஈரமும் பூஞ்சணமும் என்றால் 2025 அக்டோபர் 27இலிருந்து அந்தக் குழந்தையின் பெயரிலேயே அவாப் சட்டம் இருக்கிறது: பாரதூரமானதைப் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், உடனடிப் பேராபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள்.

எங்கள் குழு அடுத்ததாக எடுத்திருப்பது இந்தச் சட்டத்தைத்தான். சொன்ன நாளுக்குள் ஆள் வருகிறதா, வந்தவர் சுவரைத் தொட்டுப் பார்க்கிறாரா, சமையலைக் குறை சொல்கிறாரா என்று வீடு வீடாகக் கேட்கப்போகிறோம். கேள்வித்தாளைத் தமிழிலும் அடிக்க இந்தத் தடவை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மொழிபெயர்ப்பை நான் எடுத்திருக்கிறேன்.