கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்: மலை மண்ணா, கண்மாய்த் தண்ணீரா, கம்ப்யூட்டரா?

மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. உயிரியல் முடிக்கப்போகிறவர்கள் டிசம்பரில் தலைப்பைத் தேடி, ஏப்ரலில் ஆய்வேட்டைக் கட்டித் தர வேண்டும். கைக்கு நிற்பது பன்னிரண்டு வாரம். வழக்கமாக அடிபடும் மூன்று தலைப்புகளையும் அந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

நாகமலை அடிவார மண்ணில் ஆக்டினோமைசீட்ஸ் என்ற, இழைபோல வளரும் பாக்டீரியாக்களைப் பிரித்து, நோய்க்கிருமிகளை அவை அடக்குகின்றனவா என்று பார்ப்பது முதலாவது. 1 கிராம் மண்ணை ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் லட்சத்தில் ஒரு பங்கு வரை நீர்த்து, ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் 0.1 மி.லி. பரப்பி, 28 டிகிரியில் வைத்தால் ஆயிற்று. ஆனால் காலனி தலைகாட்டவே 7 முதல் 14 நாள் ஆகும். இரண்டு முறை மறுவளர்ப்பு, பிறகு சோதனை என்று ஒரு சுற்றே ஒன்றரை மாதத்தைத் தின்றுவிடும். நடுவில் பூஞ்சை தட்டை மூடினால் மறுபடி முதலிலிருந்து. மண்ணைச் சில நாள் காற்றில் உலர்த்திவிட்டுத் தொடங்கினால் வேகமாக வளரும் மற்ற பாக்டீரியாக்களின் தொல்லை குறையும். அரிட்டாபட்டி மண்தான் வேண்டும் என்பவர்கள், அது 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதை மறக்கக் கூடாது. அனுமதிக்குக் காத்திருக்கும் நாளும் அந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான் கழியும்.

இரண்டாவது டாக்கிங்: ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது. இது சீக்கிரம் முடியும். அதற்கான ஆட்டோடாக் வினா மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். புரதப் படிகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலக்கூறைப் பிரித்து மறுபடி பொருத்திக் காட்டாமல் விட்டால்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வார்கள். பழைய இடத்திலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) வராதவரை, மென்பொருள் தரும் ‘மைனஸ் 9’ போன்ற பிணைப்பு மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. தனித் தலைப்பாக எனக்கு இதில் ருசி இல்லை. மண் வேலைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கண்மாய்த் தண்ணீரின் தரத்தை அளப்பது. ஜனவரியில் இறங்குகிறவருக்குக் கண்மாய்தான் சரி. ஒரு பொறி மட்டும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அதற்குள் முடிந்திருக்கும் என்பதால் ‘மழைக்கு முன், பின்’ என்ற தலைப்பை நினைக்கவே கூடாது. காலத்தை விட்டு இடத்தை ஒப்பிடுங்கள்: வண்டியூரிலோ மாடக்குளத்திலோ வரத்துக் கால்வாய் வாய், மடை (பாசன நீர் திறக்கும் மதகு), கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்), சாக்கடை கலக்கும் மூலை.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடு-அசைடும் தலா 2 மி.லி. கரையிலேயே விட வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. லேப்புக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அளவு வழியிலேயே மாறிவிடும். பி.ஓ.டி.க்கு, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவுக்கு, இந்தியத் தர நிர்ணயப்படி 27 டிகிரியில் 3 நாள்; 20 டிகிரியில் 5 நாள் என்ற பழைய முறையில் வந்த எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பாசி மண்டிய கண்மாயில் விடியலில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் கிடக்கும், பிற்பகலில் எகிறி நிற்கும். மடையில் ஏழு மணிக்கும் கலுங்கில் பதினோரு மணிக்கும் எடுத்தால் நீங்கள் அளப்பது இடத்தை அல்ல, வெயிலை. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒன்றரை மணி நேரத்துக்குள் சுற்றி முடியுங்கள். மார்ச்சுக்கு மேல் தண்ணீர் வற்ற வற்ற உப்புச் செறிந்து மின்கடத்துதிறன் ஏறும். அது முழுக்கக் கழிவுநீரால் என்று எழுதிவிட முடியாது. அதனால் முதல் நாளே மடைக்கல்லில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, போகும்போதெல்லாம் நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள்.