ராஜ்தூத் 350-இன் முன் பிரேக்: பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் கொண்டுவந்த ராஜ்தூத் 350 வண்டியை இன்று தேடி வாங்குபவர்கள் எஞ்சினைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். முன் பிரேக்கைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், தொடக்ககால 'ஹை டார்க்' வகையில் 30.5 குதிரைத்திறன் என எஞ்சினில் எல்லாம் தாராளம். இதன் மூல வண்டியான யமஹாவின் ஜப்பானிய ஆர்டி 350-இன் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் மட்டும் இங்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஏழு அங்குல டிரம் பிரேக்கைப் பொருத்தினார்கள்.

பலர் பழிக்கும் அளவுக்கு அந்த டிரம் மோசமானதன்று. சாதாரண டிரம்மில் ஒரே கேம் (திரும்பித் தள்ளும் முட்டு) இரு ஷூக்களையும் (டிரம்மின் உட்புறத்தில் உரசும் பிறை வடிவக் கட்டைகள்) விரிக்கும். இதில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிக் கேம் இருப்பதால், சக்கரத்தின் சுழற்சியே இரண்டையும் டிரம்மோடு சேர்த்து இழுத்து, பிடியை இறுக்குகிறது. நகரத்து வேகங்களுக்கு இது போதுமானது. நெடுஞ்சாலை வேகத்திலிருந்து அடுத்தடுத்துப் பிடிக்கும்போது டிரம் சூடேறிப் பிடி தளர்வதும், மழைநீர் உள்ளே புகுந்தால் முதல் பிடி வழுக்குவதும் எந்தப் பராமரிப்பாலும் முற்றிலும் தீராதவை.

என் குறை, வண்டியைப் புதுப்பித்து விற்பவர்கள் மீதுதான். பெயின்டுக்கும் குரோமுக்கும் செலவழிப்பவர்கள், இரு கேம்களையும் இணைக்கும் கம்பியைத் தொடுவதேயில்லை. அதன் நீளம் சற்றே பிசகினாலும் ஒரு ஷூ முந்திப் பிடிக்க, மற்றது வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கும். அப்போது இரட்டைக் கேம் இருந்தும் பாதிப் பிரேக்தான் மிஞ்சும். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் ஹேண்டிலில் உள்ள அட்ஜஸ்டரைத் திருகிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்த நிலையில் அப்படித் திருகினால், பிரேக்கைப் பிடிக்கும்போது கேமைத் திருப்பும் நெம்புகோலுக்கும் கேபிளுக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டிவிடும். விரல்கள் எவ்வளவு அழுத்தினாலும் விசை வீணாகும். சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கின் தடிமனையும் டிரம்மின் வட்டம் கெட்டிருக்கிறதா என்பதையும், லிவர் முனையில் கேபிளின் இழைகள் பிரிந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்த பிறகே விலை பேசுவது நல்லது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

வேறு வண்டியின் போர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) மாற்றி டிஸ்க் போடுவதை நான் எதிர்க்கவில்லை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் பிடிமானத்தைத் தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறேன், ஏனெனில் நிறுத்தும் விசை முழுவதும் அந்த ஒட்டின் மீதே விழுகிறது. டிரம்மையே வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சக்கரம் பின்னோக்கி உருளும்போது இந்த அமைப்பின் பிடி வெகுவாகக் குறைவதால், மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்கப் பின் பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும்.