புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் சுவரை அளந்து பாருங்கள்

அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சிறிய, நடுத்தர விலைப் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுக்கான மதிப்புரைகளில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறு பாகம்) எதனால் ஆனது, பெட்டியின் மேல்பூச்சு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் விரிவாக வந்துவிடுகிறது. அந்தப் பெட்டி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றபோது அப்படி ஒலித்தது என்ற தகவல்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பெயர்பெற்ற நிறுவனங்கள் இந்தப் பிரிவில் விற்கும் ஸ்பீக்கர்களில் எதையும் மோசமென்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றுக்கிடையே காதுக்குத் தெரியும் வேறுபாட்டைவிட, ஒரே ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைப்பதற்கும் முக்கால் மீட்டர் முன்னே இழுத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் பெரிது. ஆகவே கெஃப் க்யூ150, வார்ஃப்டேல் டைமண்ட் 12.1, எலாக் டெபியூ பி6.2, டாலி ஓபரான் 1, க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3020ஐ, கிளிப்ஷ் ஆர்பி-600எம் ஆகிய ஆறையும் இங்கே இடத்தை முன்வைத்தே எடைபோடுகிறேன். இவற்றில் சிலவற்றுக்கு அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்றாலும், இந்த மாதிரிகளே இன்னும் பலர் வீட்டில் ஒலிக்கின்றன. பழைய இருப்பாகவும் கைமாறியும் கிடைக்கின்றன.

முதலில் விவரத்தாளைப் பற்றிச் சில சொற்கள். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எவ்வளவு ஆழம் போகும் என்று காட்டும் ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடுவதில் பயனில்லை. கெஃப் க்யூ150-க்கு அந்த நிறுவனமே இரண்டு எண்கள் தருகிறது: கூடவோ குறையவோ 3 டெசிபலுக்குள் என்றால் 51 ஹெர்ட்ஸ், 6 டெசிபல் சரிவு வரை ஏற்றுக்கொண்டால் 47 ஹெர்ட்ஸ். வரம்பையும் சேர்த்து எழுதுவது நேர்மையான வழக்கம். வரம்பே சொல்லாமல் வெறும் எண்ணை அச்சிடும் விவரத்தாளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த அளவுப் பெட்டிகள் எதுவரை தாக்குப்பிடிக்கும், எங்கே கைவிடும் என்பது விளங்கும்.

குறிப்பிட்ட மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் எழுப்பும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி என்ற எண்தான் கூடுதல் கவனம் கேட்பது. க்யூ150-க்கு 86 டெசிபல் என்றும் ஆர்பி-600எம்-க்கு 96 டெசிபல் என்றும் அந்தந்த நிறுவனங்கள் சொல்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்க வேண்டும் என்பதால், இந்த 10 டெசிபல் இடைவெளியைக் காகிதத்தில் உள்ளபடியே எடுத்துக்கொண்டால், கிளிப்ஷுக்கு 1 வாட் போதுமான இடத்தில் கெஃபுக்கு 10 வாட் தேவைப்படும். ஆனால் ஒரு நிறுவனம் எதிரொலியற்ற அறையில் அளக்கிறது, இன்னொன்று சாதாரண அறை தரும் ஊக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மேலும், அளவீட்டுக்குக் கொடுக்கும் 2.83 வோல்ட் என்பது 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரில் 1 வாட்டாகவும் 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட்டாகவும் ஆகிவிடுவதால், ஓம் குறைந்த ஸ்பீக்கருக்கு இந்த எண் சற்றுத் தாராளமாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே வெவ்வேறு நிறுவனங்களின் சென்சிட்டிவிட்டியை ஒப்பிடும்போது இரண்டு மூன்று டெசிபல் வேறுபாட்டை வேறுபாடாகவே கொள்ள வேண்டாம்.

கடையில் கேட்டுத் தேர்வுசெய்பவர்கள் ஏமாறுவதும் இந்த எண்ணால்தான். ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருக்க, ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி இணைத்துக் காட்டினால், சென்சிட்டிவிட்டி கூடியது சத்தமாக ஒலிக்கும். வேறுபாடு ஒரு டெசிபல் அளவே இருந்தால், சத்தம் கூடியிருப்பதாகக் காது சொல்லாது. “இதில் தெளிவு அதிகம், உயிர் இருக்கிறது” என்றுதான் சொல்லும். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசைகளும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பாட்டைக் கேட்க வேண்டும். அந்தச் செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பீட்டுக்கு அது போதும். கண்ணும் தீர்ப்பில் புகுந்துவிடும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: திரைக்குப் பின்னால் ஒலித்தபோது ஒரு வகையாக மதிப்பெண் கொடுத்தவர்கள், அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது வேறு வகையாகக் கொடுத்தார்கள். நேர் எதிரே சமனாகவும், பக்கவாட்டில் விலகும்போது சீராகக் குறைந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே மறைத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள் என்பதும் அவர்களுடைய நெடுநாள் ஆய்வில் வெளிப்பட்ட முடிவு.

இனி சுவர். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் முன்பக்கமாக மட்டும் போவதில்லை. அது எல்லாத் திசையிலும் பரவி, பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போகும் ஒலியோடு கலக்கிறது. சுவர் மிக அருகில் இருந்தால் இரண்டும் ஒன்றுகூடி பேஸை உயர்த்துகின்றன. சற்றுத் தள்ளி இருந்தால், குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன; அங்கே ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழுகிறது. ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் 143 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். 1 மீட்டராக்கினால் 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 143 என்பது ஆண்குரலின் அடித்தளம் இருக்கும் இடம். பாடகரின் குரல் மெலிந்துவிட்டதாகத் தோன்றி ஸ்பீக்கரைக் குறைசொல்பவர்கள், அதை 20 சென்டிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்திக் கேட்டுவிட்டு மறுபடி பேசுவது நல்லது.

போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) பின்னால் இருந்தால் சுவரருகே வைக்கக் கூடாது, முன்னால் இருந்தால் வைக்கலாம் என்று விற்பனையாளர்கள் ஓயாமல் சொல்லும் அறிவுரை பாதிதான் உண்மை. போர்ட் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த அலைவரிசைகளில் சுவர் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றேதான். பின்போர்ட்டுக்குக் காற்று போய்வர சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அவ்வளவே. எலாக் பி6.2-இன் போர்ட் முன்பக்கம் இருக்கிறது. அதற்காக அதை அலமாரிக்குள் தள்ளி வைத்தால், அதன் 6.5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய பாகம்) எழுப்பும் பேஸ் பெருத்துப்போய்ப் பாட்டின் மற்றதையெல்லாம் மூடிவிடும். அதை எடுத்து வெளியே நிறுத்தினால் இந்த ஆறில் மிக நிறைவான, தளர்ச்சியற்ற பேஸ் அதனிடம்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் துறையில் பெயர்பெற்ற ஆண்ட்ரூ ஜோன்ஸ் வடிவமைத்தது என்ற பெயருக்கு அது நியாயம் செய்கிறது. ட்ரெபிளில், அதாவது உயர்ந்த ஒலிகளில், மட்டும் ஒரு நிதானம், சிலர் மந்தம் என்று சொல்லக்கூடிய நிதானம், உண்டு.

அலமாரியில்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு நான் 3020ஐ-யைச் சொல்வேன். 125 மில்லிமீட்டர் வூஃபரே உள்ள அதன் பேஸ் இயல்பாகவே அடக்கமானது. சுவர் கொடுக்கும் ஊக்கத்தை அது குறையாக மாற்றாமல் வரவாக வைத்துக்கொள்கிறது. போர்ட்டை அடைக்கப் பஞ்சு அடைப்பான்களும் பெட்டியோடு வருகின்றன. அடைத்தால் பேஸ் சற்று முன்பாகவே சரியத் தொடங்கும், ஆனால் சரிவு மென்மையாக இருக்கும் என்பதால் சுவரருகே அது பொருந்திவிடும். அலமாரியில் வைக்கும்போது பெட்டியின் முகப்பு பலகையின் விளிம்போடு சமமாக, முடிந்தால் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் முன்னால் எஞ்சும் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி குரலைக் கலங்கலாக்கும்.

அறையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பவரா, வீட்டார் பலர் அங்கங்கே இருக்கக் கேட்பவரா என்பது அடுத்த கேள்வி. கெஃபின் யூனி-க்யூ அமைப்பில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே பொருந்தியிருக்கிறது. 1988-இல் அறிமுகமான இந்த ஏற்பாட்டின் பலனை எவரும் தாமே சோதிக்கலாம். பிங்க் நாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நின்று, மறுபடி உட்காருங்கள். ட்வீட்டர் மேலும் வூஃபர் கீழுமாக உள்ள வழக்கமான ஸ்பீக்கரில், எழும்போது ஒலியின் நடுப்பகுதியில் ஒரு துண்டு கழன்று விழுந்து, உட்காரும்போது திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதைக் கேட்கலாம். இரண்டும் ஒலியைப் பகிர்ந்துகொள்ளும் கிராஸோவர் பகுதியில், மேலும் கீழுமான கோணங்களில் அவை ஒன்றுக்கொன்று இசையாமல் போவதே காரணம். க்யூ150-இல் அந்த மாற்றம் மிகக் குறைவு. உயரம் குறைந்த மேசையிலோ ட்வீட்டர் காதுக்கு நேராக அமையாத இடத்திலோ வைக்க நேர்ந்தால் இது பெரிய வசதி. வழக்கமான ஸ்பீக்கரைப் படுக்கவைத்தால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு மாறிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; அலமாரியின் உயரம் போதவில்லை என்று அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓபரான் 1 இதே கேள்விக்கு வேறு விடை தருகிறது. அதன் 29 மில்லிமீட்டர் துணி ட்வீட்டர் அகலமாகப் பரப்புவதற்கென்றே செய்யப்பட்டது. ஸ்பீக்கர்களைக் கேட்பவரை நோக்கித் திருப்பாமல் நேராகவே வைக்கச் சொல்கிறது டாலி. திருப்பி வைத்துக் கேட்டால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கூசும். நேராக வைத்தால் அறையின் பாதி அகலத்துக்கு ஒரே தன்மையான இசை கிடைக்கிறது. சின்னப் பெட்டியாக இருந்தும் மிடுக்கான பேஸ் வருகிறதே என்று முதலில் தோன்றும். அதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி என்ற மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது என்று கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆண்டன் ஹாஃப்மன் சொன்னது இன்றும் மாறாத விதி. இரண்டைக் கேட்டால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு வடிவமைப்பாளர்கள் கையாளும் பழைய உத்தி, ஆழத்தைத் தொட முடியாத ஸ்பீக்கரில் அதற்குச் சற்று மேலே, 100 ஹெர்ட்ஸையொட்டி, ஒலி சற்று உயரும் சிறு மேடு ஒன்றை விட்டுவைப்பது. பிபிசி தன் ஒளிபரப்பு வாகனங்களுக்காக உருவாக்கிய புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ-யிலேயே அது உண்டு. அளவோடு இருந்தால் அது இனிமை. மிஞ்சினால் எல்லா பேஸும் ஒரே சுரத்தில் முழங்கும். இதைக் கண்டுபிடிக்க மிருதங்கத்தைப் போல உதவும் கருவி வேறில்லை. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி, சுரம் வழுக்கி ஏறுவதாகக் கேட்க வேண்டும். மேடு மிகுந்த ஸ்பீக்கரில் அந்த வழுக்கல் மறைந்து வெறும் ‘தொம்’ மட்டும் எஞ்சும். பி6.2-இலும் டைமண்ட் 12.1-இலும் கும்கி முழுமையாக ஏறி இறங்குகிறது. க்யூ150-இல் சற்று மெலிந்து, ஆனால் சுத்தமாக. ஓபரான் 1-இல் சுவரை விட்டு அரை மீட்டர் இழுத்த பிறகே அது பிடிபட்டது.

டைமண்ட் 12.1-ஐப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அதுவே அதன் சிறப்பு. எந்தப் பதிவைப் போட்டாலும் அது முகம் சுளிப்பதில்லை. பழைய, இரைச்சலுள்ள பதிவுகளையும் நெடுநேரம் கேட்கவைக்கிறது. எந்த அறை, எந்த ஆம்ப் என்று சொல்லாமல் ஒருவர் ஆலோசனை கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். ஆர்பி-600எம்-இன் ஹார்ன் (புனல் வடிவ) ட்வீட்டர் அதற்கு நேர்மாறு: தாளக்கருவிகளில் அபாரமான துடிப்பு, சரியாகப் பதிவாகாத குரல்களில் கடுமை. தரை முழுதும் டைல்ஸும் வெற்றுச் சுவர்களுமாக உள்ள அறையில் அதை வைப்பது எனக்கு உவப்பானதில்லை.

ஆம்ப்ளிஃபையரைப் பற்றிய கவலை தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், ஒவ்வொன்றுக்கும் 1 வாட்டிலேயே 80 டெசிபல் சுலபமாக வந்துவிடும். வீட்டில் அது கணிசமான சத்தம். அதற்கு மேல் 15 டெசிபல் எகிறும் உச்சங்களுக்கு 30 வாட் சொச்சம் தேவை. ஆகவே நேர்மையான 50 வாட் ஆம்ப் ஒன்று இவற்றில் எதற்கும் போதும். பார்க்க வேண்டியது வேறொன்று: க்யூ150 பெயரளவில் 8 ஓம் என்றாலும் குறைந்தபட்சமாக 3.7 ஓம் வரை இறங்குவதாக அதன் விவரத்தாளே சொல்கிறது. 4 ஓம் சுமையைத் தாங்கும் ஆம்ப் அதற்கு வேண்டும். கேபிள் சில மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருந்தால் போதுமானது. அதற்கு மேல் செலவிடும் பணத்தை ஸ்டாண்டுக்குக் கொடுக்கலாம்.

ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் சேரும்போது தரையில் நிற்கும் ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாமோ என்ற எண்ணம் பலருக்கு வரும். ஆழமான பேஸ்தான் நோக்கம் என்றால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். குரலுக்கும் கருவிகளுக்கும் பொருத்தமான இடத்தில் புக்‌ஷெல்ஃப் ஜோடியை நிறுத்திவிட்டு, பிறகு கைக்கு எட்டும்போது தாழ்ந்த பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் ஒப்படைப்பது மேல். பேஸ் சீராக அமையும் மூலை பெரும்பாலும் ஸ்டீரியோ நன்றாக அமையும் இடமாக இருப்பதில்லை. இரண்டும் தனித்தனிப் பெட்டியில் இருந்தால்தான் இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்க முடியும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அறுத்துவிட்டு மீதியை மட்டும் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் வசதி ஆம்பிலேயே இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல ஸ்டீரியோ ஆம்ப்களில் சப்வூஃபருக்கென்று இணைப்பு இருந்தாலும், ஸ்பீக்கர்களுக்கு முழு அலைவரிசையும் போய்க்கொண்டேதான் இருக்கும்.