பிளக் கேப் வைக்க வட்டத் தகடா, கம்பி கேஜா?

ஸ்பார்க் பிளக்கின் நடு எலக்ட்ரோடுக்கும் அதன் எதிரே வளைந்து நிற்கும் பக்க எலக்ட்ரோடுக்கும் நடுவே பொறி தாவும் இடைவெளிதான் கேப். அதைப் பார்க்க மூன்று கருவிகள் பரவலாக விற்கின்றன: விளிம்பு சரிவாக ஏறும் வட்டத் தகடு, வெவ்வேறு தடிமனில் கம்பிகள் கொண்ட கம்பி கேஜ், இடுக்கி போன்ற கேப் பிளையர். பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் உலோகத் தொடுமுனைகளால் பொறியை உண்டாக்கும் பழைய முறை) உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்க வேண்டியது கம்பி கேஜ்தான். வட்டத் தகடு மலிவு, சாவிக்கொத்தில் தொங்கவிடலாம். ஆனால் இந்த வேலைக்குத் தேவையான நுணுக்கம் அதில் இல்லை.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும்? 1962-இல் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். பாயிண்ட் உள்ள மாடல்களுக்குப் பிளக் கேப் 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ.; 0.024 முதல் 0.026 வரை இருக்கலாம். பொறிக்கான உயர் வோல்டேஜை உண்டாக்கும் பழைய இக்னிஷன் காயில் தரும் வோல்டேஜுக்கு ஒரு எல்லை உண்டு. கேப் அகல அகல, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் கேப் கூடிப்போன வண்டி ஐடிலில் சமர்த்தாக நிற்கும். டாப் கியரில் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மிஸ் ஆகும். கேப் குறைந்தால் கதை நேரெதிர்: பொறி தாவிவிடும், ஆனால் அதில் பிறக்கும் சிறு தீக்கருவின் சூட்டை எலக்ட்ரோடுகளே உறிஞ்சிக்கொள்ளும். ஐடிலில் எஞ்சின் உதறும்.

இப்போது வட்டத் தகட்டின் கணக்கு. வழக்கமான தகட்டின் விளிம்பு 0.020-இல் தொடங்கி 0.100 அங்குலம் வரை தடித்துக்கொண்டே போகும். குறுக்களவு 3 செ.மீ. என்றால் சுற்றளவு 9.4 செ.மீ.; அந்தத் தூரத்தில் 2 மி.மீ. ஏறுகிறது. பக்க எலக்ட்ரோடின் அகலம் ஏறத்தாழ 2.5 மி.மீ. அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் தகட்டின் தடிமன் 0.05 மி.மீ., அதாவது 0.002 அங்குலம் மாறிவிடுகிறது. எம்.ஜி.பி.க்கு அனுமதித்த மொத்த வித்தியாசமே அவ்வளவுதான். இதைவிட மோசம், பலர் அந்தத் தகட்டையே கேப்புக்குள் செருகி நெம்புவது. அந்த விசை நடு எலக்ட்ரோடின் மேலும் இறங்கும்; அதைச் சுற்றிய பீங்கான் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம்.

தட்டையான ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் செட்) புது பிளக்குக்குச் சரி. ஓடிய பிளக்குக்கு ஏமாற்றும். பொறி பாய்ந்து பாய்ந்து பக்க எலக்ட்ரோடின் உட்புறம் குழிந்திருக்கும். தட்டைத் தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் உட்கார்ந்து, கேப் சரியாக இருப்பதாகக் காட்டும். உருண்டைக் கம்பி குழிக்குள் இறங்கி உண்மை இடைவெளியைச் சொல்லும். கம்பி கேஜின் பெரிய பலம் இதுதான்.

பயன்படுத்தும் முறை எளிது. எஞ்சின் ஆறியபின், பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டுக் கழற்றவும். 0.025 கம்பி லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். அடுத்த பெரிய கம்பி, 0.028 இருந்தால் அது, போகவே கூடாது. அகலப்படுத்த, கேஜின் ஓரத்தில் உள்ள கொக்கிப் பள்ளத்தில் பக்க எலக்ட்ரோடை மட்டும் பிடித்து வளைக்கவும். குறைக்க, மரப்பலகை மேல் மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அளக்கவும். தொழிற்சாலை வைத்த கேப்பிலிருந்து 0.2 மி.மீட்டருக்கு மேல் வளைக்கக் கூடாது. எலக்ட்ரோடு நடுவிலிருந்து சாய்ந்துபோகும். முடித்ததும் பக்கவாட்டில் பாருங்கள், இரண்டு முகங்களும் இணையாக நிற்க வேண்டும். பீங்கானில் கம்பி பிரஷ் போடவே வேண்டாம். உலோகத் துகள் ஒட்டி, மின்சாரம் அதன் வழியே கசியும்.

கம்பி கேஜுக்கும் குறைகள் உண்டு. மெல்லிய கம்பிகள் அடிப்பகுதியில் வளைந்துவிடும். வளைந்த கம்பி கேப்புக்குள் கோணலாகப் போய்த் தவறாகச் சொல்லும். நிமிர்த்திப் பயன்படுத்துவதைவிட மாற்றுவது நல்லது. வண்ணத்தில் அச்சடித்த எண்கள் பெட்ரோல் பட்டால் அழியும், ஆகவே குத்திப் பொறித்த எண்கள் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். மி.மீ. செட் வாங்கினால் 0.65 கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 0.60, 0.70 மட்டும் இருந்தால் இரண்டுமே எல்லைக்கு வெளியே. மைக்ரோமீட்டர் கைவசம் இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேப் பிளையர் பிளக்கை நேராகப் பிடித்து, நடு எலக்ட்ரோடைத் தொடாமல் வளைக்கிறது. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு நியாயம். நான்கு பிளக்குகளுக்கு அவசியமில்லை. பிளையர் வாங்கினாலும் அளக்கக் கம்பி வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டரில் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும், பாயிண்டுகள் உள்ளே இருக்கும் பகுதி) பாயிண்டுகளின் கேப் 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காயில் முழுக்கச் சார்ஜ் ஆகாமல் பிளக்கை மட்டும் திருத்திப் பயனில்லை. பழைய ஆல்ஃபா ரோமியோவில் நான்கு பக்க எலக்ட்ரோடுகள் கொண்ட கோல்டன் லாட்ஜ் பிளக் இருந்தால், எந்தக் கேஜையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் கேப் திருத்துவதற்கானதல்ல.

திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் இல்லாமல் விரலால் கடைசிவரை திருகவும். வாஷர் உட்கார்ந்தபின் புது பிளக்குக்கு அரைச்சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும்.