கண்ணில் உமி விழுந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள்

திருகோணமலை, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லவேண்டும். கண்ணில் ஏதோ குத்திவிட்டது, கண் சிவந்துவிட்டது என்று போனால், பார்வை அளந்து கண்ணாடி விற்கிற கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு மருந்தைக் கையில் தருவார். அதை வாங்காதீர்கள். போத்தலில் மருந்தின் பெயர் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். என் தங்கையின் கணவருக்கு வலது கண் பார்வை போனது இப்படித்தான்.

மச்சானுக்குத் தம்பலகாமத்தில் வயல். மாசி மாதம், பெரும்போக அறுவடை நேரம். நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது காற்றுத் திரும்பி உமித்தூள் கண்ணில் அடித்திருக்கிறது. கழுவிப் பார்த்திருக்கிறார், உறுத்தல் போகவில்லை. விடிந்தபோது கண் சிவந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது. வங்கி வேலையாக டவுனுக்கு வந்தவர், இலவசக் கண் பரிசோதனை என்று பதாகை தொங்கிய ஒரு கடைக்குள் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் தன்னை டொக்டர் என்று சொல்லவில்லை. கடைப் பொடியன்கள் அப்படிக் கூப்பிட்டபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

பஞ்சு சுற்றிய குச்சியால் கண்ணைத் துடைத்துத் துரும்பை எடுத்துக் காட்டியிருக்கிறார். "சின்னக் கீறல்தான் அண்ணே, பயப்படாதீங்க. இந்தச் சொட்டை நாலு நேரம் விடுங்க, சிவப்பு போயிடும்." பரிசோதனை இலவசம். சிகிச்சை, மருந்து, ஒரு கறுப்புக் கண்ணாடி என்று சேர்த்து 4,500 ரூபா வாங்கினார்கள். பில்லில் 'சிகிச்சை' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

சிவப்பு உண்மையாகவே போய்விட்டது. தங்கை போனில், "அண்ணா, நல்ல மருந்து, அடுத்த நாளே கண் வெள்ளையாயிட்டுது" என்று சந்தோசமாகச் சொன்னாள். போத்தல் முடிய, அதே கடையில் இன்னொன்று வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் மச்சான் கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கத் தொடங்கினார். ஒரு காலையில் கருவிழியில் கடுகளவு வெள்ளையைத் தங்கை கண்டுவிட்டு அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். நேரே அரச ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பெண் வைத்தியர் முதலில் கேட்டது அந்தப் போத்தலைத்தான். பெருவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். லேபலை உரித்திருந்தார்கள். பசை மட்டும் இருந்து தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. ஓரத்தில் உரிபடாத ஒரு துண்டை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெதசோன்" என்று முடிகிற கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் இரண்டுமே ஸ்டீரோயிட். பிறகு செம்மஞ்சள் சாயம் தோய்த்த ஒரு சிறு கடதாசித் துண்டைக் கீழ் இமைக்குள் தொட்டெடுத்து, நீல வெளிச்சம் அடித்தார். புண் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. சில நிமிட வேலை. கீறல் பட்ட கண்ணுக்கு எவரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. கடையில் இதைச் செய்யவே இல்லை.

அவர் எங்களுக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். உமி, வைக்கோல், இலை, மரச்சுள்ளி மாதிரிச் செடிகொடிப் பொருள் கருவிழியைக் கீறினால் அதோடு பங்கசு, அதாவது பூஞ்சைக் கிருமி, உள்ளே போகலாம். உடம்பு அதோடு சண்டை பிடிக்கிறபோதுதான் கண் சிவக்கிறது, நோகிறது. ஸ்டீரோயிட் அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சிவப்பும் நோவும் அடங்கும், பங்கசு தடையில்லாமல் வளரும். ஹெர்பிஸ் வைரசால் வந்த புண்ணிலும் இப்படித்தான், ஸ்டீரோயிட் விட்டால் புண் அகலமாகிப் பரவும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரும். ஸ்டீரோயிட் கெட்ட மருந்து என்று நான் சொல்லவரவில்லை. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர்களே அதைத் தருகிறார்கள். ஆனால் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைக் கொடுக்கிறவர் குருட்டாம்போக்கில் கொடுக்கிறார்.

புண்ணைச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். பங்கசுதான். பங்கசைக் கொல்கிற நாட்டமைசின் சொட்டு, மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடவேண்டும். தங்கை அலாரம் வைத்து எழும்பி எழும்பி விட்டாள். புண் ஆறிவிட்டது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் மச்சான் இப்போது விரல்களை எண்ணுவார். பேப்பர் வாசிக்க முடியாது.

எனக்கு ஆறாத விசயம் ஒன்று உண்டு. இது தடுக்க முடிந்த ஒன்று. நேபாளத்தின் பக்தபூரில், நம்மைப் போலவே வயல் செய்கிற சனத்திடம் ஓர் ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டார்கள். கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்த் தொண்டர்களே குளோரம்பெனிகோல் என்ற அன்ரிபயோடிக்கின் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு 3 முறை, 3 நாள் போட்டார்கள். கீறல் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. பிந்தத் தொடங்கியவர்களில் சிலருக்கு வந்தது. விலை குறைந்த, சாதாரணக் களிம்பு. அன்றைக்கே ஏதாவது ஓர் அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போயிருந்தால் காசில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை.

பிறகு நான் அந்தக் கடைக்குப் போனேன். "நாங்க மருந்து குடுக்கிறதில்லை, கண்ணாடிதான் விக்கிறோம்" என்றார்கள். பில்லைக் காட்டினேன். சிகிச்சை என்றால் பார்வைப் பரிசோதனை என்றார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் அன்றைக்கு இல்லை. கண்ணாடிக் கடைகள் எல்லாம் இப்படி என்று நான் எழுதவில்லை. பார்வை அளந்து ஒழுங்காகக் கண்ணாடி தருகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், "இது காயம், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி அனுப்புகிற கடையை நம்பலாம்.

கண் பிரிவு வாங்கில் காத்திருந்த நாட்களில், வீட்டிலேயே பிழையாகக் கைவைத்துக் கெட்ட கண்கள் எத்தனையோ பார்த்தேன். அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தூசியோ மணலோ விழுந்தால் கசக்கக் கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வீதியால் போகிற எல்லாருக்கும் இது நடக்கிறது. கையைக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரைக் கண்ணில் மெல்ல ஓடவிடுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள். மேல் இமையைப் பிடித்துக் கீழ் இமைக்கு மேலாக இழுத்துவிட்டால் இமைக்குள் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வந்துவிடும். வெள்ளைப் பகுதியிலோ இமையிலோ இருந்தால் நனைத்த சுத்தமான துணி முனையால் எடுக்கலாம். கருவிழியில் இருப்பதை வீட்டில் எவரும் தொடக் கூடாது. சேலைத் தலைப்பு, பஞ்சுக் குச்சி ஒன்றும் வேண்டாம். துரும்பு வந்த பிறகும் உறுத்தினால் கீறல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்டுங்கள். உமி கீறிய கண்ணைப் பஞ்சு வைத்து இறுகக் கட்டுவதும் கூடாது.

சுண்ணாம்பு, சீமெந்து இரண்டும் வேறு விதமான ஆபத்து. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிற சுண்ணாம்புப் பைக்கற்றைப் பிள்ளைகள் பிதுக்கி விளையாடுகிறபோது கண்ணில் தெறிக்கிறது. அசிட் பட்டால் கண்ணின் மேற்படை வெந்து இறுகி, அசிட் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பும் சீமெந்தும் அசிட்டுக்கு எதிரான காரம். காரம் அப்படியில்லை, கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும். ஓட்டோ பிடிக்கும் முன், நிற்கிற இடத்திலேயே, பைப்போ கிணறோ எது கிட்டவோ அதில் கழுவத் தொடங்குங்கள். குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் அரை மணித்தியாலம். இமைகளை விரித்துப் பிடித்து, உள்ளே ஒட்டிய கட்டிகளும் போகும்படி கழுவுங்கள். பிள்ளை கத்தும், ஒருவர் பிடிக்க ஒருவர் ஊற்றவேண்டியதுதான். புளிப்பு காரத்தை முறிக்கும் என்று தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுவி முடித்துத்தான் ஆஸ்பத்திரி, போகிற வழியிலும் போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள்.

தூண்டில் கொக்கியோ கம்பியோ முள்ளோ கண்ணுக்குள் ஏறிவிட்டால் அதற்கு நேர்மாறு. கழுவக் கூடாது, இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் தங்கும்படி கவிழ்த்து, ஒட்டுநாடாவால் ஒட்டி, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு எடுக்க மாட்டார்கள். சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரலாம், எனவே சாப்பிட, குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். கிரைண்டர் வேலை செய்கிறவர்களின் கருவிழியில் இரும்புத்தூள் ஒட்டினால் ஒரு நாளுக்குள்ளேயே துரு பிடிக்கத் தொடங்கிவிடும், அதுவும் காத்திருக்கிற விசயமில்லை.

கண்நோய் ஊரில் பரவுகிறபோது பாமசியில் ஏதாவது சொட்டு வாங்கி வீடு முழுவதும் விடுகிறார்கள். அப்படிப் பரவுவது பெரும்பாலும் வைரசு, ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறும். அன்ரிபயோடிக்கால் அதற்குப் பலனில்லை. கை கழுவுவது, துவாயையும் தலையணையையும் வேறாக்குவது, பீளையை ஆறவைத்த சுடுதண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பது, இவைதான் வேலை. ஒரு போத்தலை ஒருவர்தான் பாவிக்கவேண்டும். திறந்து 4 கிழமையானால் அதை எறிந்துவிடுங்கள். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடச் சொல்கிற பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் கிருமி உள்ள எதையும் புண்பட்ட கண்ணில் விடக் கூடாது. நோவு கூடினால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளை தெரிந்தால் அது வெறும் கண்நோய் இல்லை. பிறந்து ஒரு மாதத்துக்குள் உள்ள பிள்ளையின் கண்ணில் பீளை வடிந்தாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

சொட்டு மருந்து தருகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஸ்டீரோயிட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். டொக்டர் என்று ஒருவரைச் சொன்னால், இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.

மச்சானின் போத்தலையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் உள்ள உணவு மருந்துப் பரிசோதகரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசு விசயத்துக்கு நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. லேபல் உரித்த சொட்டு மருந்து உங்கள் வீட்டிலும் இருந்தால், அடுத்த சொட்டை விடும் முன் போத்தலோடு கண் வைத்தியரிடம் போய்க் காட்டுங்கள். போத்தலை எறிந்துவிட வேண்டாம், முறைப்பாட்டுக்கு அது வேண்டும்.