பிளானடெஸ்: 4 தொகுதியா, 26 எபிசோடா?

விண்வெளியில் குப்பை அள்ளுகிறவர்களின் கதை. மக்கோத்தோ யுகிமுரா 1999-இல் மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கினார். 2003-இல் சன்ரைஸ் நிறுவனம் அதை அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொலைக்காட்சித் தொடராக்கியது. இயக்கம் கோரோ தானிகுச்சி. 2070-களில், பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் துண்டுகளை டாய் பாக்ஸ் என்ற ஓட்டைக் கப்பலில் போய் எடுத்து வருகிறார்கள். இரண்டையும் முடித்துவிட்டேன். மறுபடி ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் கை அனிமே பக்கம்தான் போகும். மூலம்தான் உசத்தி என்கிறவர்கள் அடிக்க வரட்டும்.

ஓவியத்தில் போட்டியே இல்லை, மாங்காதான். நேரம் பார்த்தால் மாங்கா இரண்டு சாயங்காலம்; அனிமே 10 மணி நேரத்தைத் தாண்டும்.

என்னைச் சாய்த்தது, அந்தக் கப்பலில் வேலை செய்யும் யூரியின் கதை. பயணிகள் கலத்தில் போகும்போது எங்கிருந்தோ வந்த ஒரு திருகாணி மோதி அவர் மனைவி இறந்துபோகிறாள். திருகாணியா என்று கேட்காதீர்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் எதுவும் நொடிக்கு 7, 8 கி.மீ. வேகத்தில்தான் ஓடும், எதிரும் புதிருமாக வந்தால் அதன் இரட்டிப்பு. அவள் வைத்திருந்த திசைகாட்டியைத் தேடித்தான் யூரி இந்த வேலைக்கே வந்திருக்கிறார். மாங்காவில் இதுதான் முதல் அத்தியாயம். அழகாகவே இருக்கிறது, ஆனால் ஆளைத் தெரிவதற்கு முன்பே அவர் துக்கம் தெரிந்துவிடுகிறது. அனிமேவில் இது 10-ஆவது எபிசோட். அதற்குள் ஒன்பது எபிசோடாக அவர் நமக்குப் பக்கத்து மேசைக்காரர் ஆகிவிடுகிறார். அதிர்ந்து பேசாதவர், நல்ல மனுஷன், அவ்வளவுதான் தெரியும். அந்த அமைதிக்குள் என்ன கிடந்தது என்று தெரிய வரும்போது, இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நமக்கே உறுத்துகிறது. சம்பவம் ஒன்றுதான், வைத்த இடம் வேறு.

இந்த வசதியைச் செய்து கொடுத்தவள் தனாபே. மாங்காவில் அவள் தாமதமாகத்தான் வருகிறாள், கதாநாயகன் ஹச்சிமாக்கி விட்டுப்போகப்போகும் இடத்தை நிரப்ப. அனிமேவில் முதல் எபிசோடிலேயே புது ஆளாக வந்து நிற்கிறாள். அதனால் கதையே ஒரு அலுவலகத்துக்குள் வந்துவிடுகிறது. கம்பெனிக்குள்ளேயே 'அரை செக்‌ஷன்' என்று கேலி செய்யப்படும் பிரிவு. மொய்க்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்கள். வேலைக்குச் சேர்ந்த கையோடு எழுத வேண்டிய உயில். ஏழை நாடு ஒன்றிலிருந்து தானே தயாரித்த விண்வெளி உடையை விற்க வரும் தெமாராவின் எபிசோட் மாங்காவில் கிடையாது. தொடரின் உச்சம் எனக்கு அதுதான்.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் மேலதிகாரிகளின் கோமாளித்தனம் ஒட்டவில்லை. கடைசிப் பகுதியில் தீவிரவாதிகள் விவகாரம் தேவைக்கு மேல் இழுக்கப்படுகிறது. வியாழன் பயணத்துக்காக ஹச்சிமாக்கி தனக்குள்ளேயே முட்டி மோதுவதை மாங்காதான் அடி ஆழம் வரை பார்க்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நான் முதலில் பார்த்தது அனிமே. ஜப்பானிய மொழியும் தெரியாது, சப்டைட்டிலும் மொழிபெயர்ப்பும்தான். முதலில் மாங்காவைப் படித்திருந்தால் யூரி விஷயத்தில் இப்படியே சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கப்பல் தலைவி ஃபீயின் சிறுவயதும் குடும்பமும் வரும் அத்தியாயங்கள் அனிமேவில் இல்லை. அவற்றுக்காகவே கடைசித் தொகுதியை மட்டும் கைக்கெட்டும் தட்டில் வைத்திருக்கிறேன்.